ஹை-ரெஸ் இசையும் வீட்டு ஸ்ட்ரீமிங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பீக்கர் வாங்கியாயிற்று, சந்தா கட்டியாயிற்று, திரையில் 24/192 என்ற எழுத்தும் வந்துவிட்டது. காதுக்கு மட்டும் எந்த மாற்றமும் தெரியவில்லை. இப்படிச் சொல்பவர்கள் கேட்கும் கேள்விகளே இங்கே அதிகம். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எண்களைத் துரத்துவதைவிடப் பதிப்பையும் அறையையும் கவனிப்பது பலன் தரும் என்று நினைப்பவன் நான்.

எதை ஹை-ரெஸ் என்கிறார்கள்?

சிடியின் அளவைத் தாண்டிய டிஜிட்டல் ஒலி எல்லாவற்றையும். 1982இல் விற்பனைக்கு வந்த சிடி, ஒலியலையை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாகக் குறிக்கிறது. முன்னது சாம்பிள் ரேட், பின்னது பிட் ஆழம். சுருக்கமாக 16/44.1. அதற்கு மேலே 24/48, 24/96, 24/192 என்று ஏறிக்கொண்டே போகலாம். 44.1 என்ற விநோத எண் எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு: தொடக்க காலத்தில் டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில்தான் பதிந்தார்கள், வீடியோவின் வரிகளுக்குள் கச்சிதமாக அடங்கும்படி தேர்ந்த எண் அது.

கருவிகளின் மேல் ஒட்டியிருக்கும் தங்கநிற ஹை-ரெஸ் முத்திரை ஜப்பான் ஆடியோ சங்கத்தினுடையது. ஸ்பீக்கரைப் பொறுத்தவரை, அது 40 கிலோஹெர்ட்ஸ் வரை ஒலிக்கவல்லது என்பதற்கான சான்று. அதே ஸ்பீக்கர் 100 ஹெர்ட்ஸில் எப்படி ஒலிக்கும் என்பதைப் பற்றி முத்திரைக்குக் கவலை இல்லை.

சாம்பிள் ரேட் கூடினால் அலை இன்னும் வழவழப்பாகும் அல்லவா?

விளம்பரங்களில் வரும் படிக்கட்டுப் படத்தை மறந்துவிடுங்கள். சாம்பிள்கள் வெறும் புள்ளிகள். அந்தப் புள்ளிகள் அனைத்தின் வழியாகவும் செல்லக்கூடிய, சாம்பிள் ரேட்டில் பாதிக்குக் கீழே அடங்கிய அலை ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும். பொறியாளர் நைக்விஸ்ட் 1928இல் தொடங்கிவைத்து, கோட்டெல்னிகாவ் 1933இலும் ஷானன் 1949இலும் கணிதமாக நிறுவியது இதைத்தான். டிஜிட்டல் எண்களை அலையாக மாற்றும் டிஏசி என்ற கருவி செய்யும் வேலை அந்த ஒரே அலையை மீட்டெடுப்பது. 15 கிலோஹெர்ட்ஸ் ஒலியைச் சிடியில் பதிந்தால் ஒரு சுழற்சிக்கு மூன்று புள்ளிகள்கூடத் தேறாது. ஆனாலும் டிஏசியின் வெளியீட்டை ஆசிலோஸ்கோப்பில் பாருங்கள்: பிசிறில்லாத சைன் அலைதான் ஓடும்.

சாம்பிள் ரேட்டை உயர்த்தினால் உயர்வது மேல் எல்லை மட்டுமே. 44.1இல் அந்த எல்லை 22.05 கிலோஹெர்ட்ஸ், 96இல் 48. இளம் வயதில் நம் காது எட்டும் உச்சம் ஏறத்தாழ 20. வயது ஏற ஏற அது இறங்கிக்கொண்டே வரும். ஆக, கூடுதலாகக் கிடைக்கும் பகுதி வௌவால்களுக்குத்தான் அதிகம் பயன்படும். ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும்: 44.1இல், எல்லைக்கு மேலுள்ள ஒலியை 20க்கும் 22க்கும் இடையிலேயே ஃபில்டர் முழுவதுமாக அடைத்துவிட வேண்டும். முதல் தலைமுறை சிடி பிளேயர்களுக்கு அது கடினமாக இருந்தது. இன்றைய டிஏசிகள் உள்ளுக்குள்ளேயே சாம்பிள் ரேட்டைப் பலமடங்கு பெருக்கிக்கொண்டு அந்தச் சிக்கலைக் கடந்துவிட்டன.

24 பிட் எதற்கு?

பிட் ஆழம் தீர்மானிப்பது இரைச்சலின் தளத்தை, அதாவது உச்ச ஒலிக்கு எவ்வளவு கீழே இரைச்சல் நிற்கும் என்பதை. ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 6 டெசிபல். 16 பிட்டுக்கு 96, 24 பிட்டுக்கு 144. ஆனால் மிக நல்ல டிஏசிகளின் சொந்த இரைச்சலே 120, 130 டெசிபலை ஒட்டி நின்றுவிடுகிறது. 24 பிட்டில் கடைசிச் சில பிட்டுகள் சுமப்பது வெறும் இரைச்சலை.

வீட்டுக் கணக்கில் பாருங்கள். இரவு நேரத்து அமைதியான அறையில் 30 டெசிபல் சத்தம் இருக்கும். அதற்கு மேலே 96 டெசிபல் என்றால் 126. அது வலிக்கத் தொடங்கும் அளவு. ஒலிப்பதிவுக் கூடத்தின் கதை வேறு. பாடுபவர் எந்த நொடியில் குரலை உயர்த்துவார் என்று தெரியாது. மேலே தாராளமாக இடம் விட்டுப் பதிய வேண்டும், பிறகு பல தடங்களைக் கூட்டிக் கலக்க வேண்டும். பதிவதற்கு 24 கட்டாயம், கேட்பதற்கு 16 போதும் என்பது என் கட்சி.

இதில் உபயோகமான கிளைச்செய்தி ஒன்று: டிஜிட்டலில் ஒலியளவைக் குறைத்தால் தரம் போய்விடும் என்ற பயம் பழையது. 16 பிட் பாட்டை 24 பிட் பாதையில் 30 டெசிபல் குறைத்தாலும் எதுவும் உதிராது.

அப்படியானால் யாருக்குமே வித்தியாசம் தெரியாதா?

ஆய்வுகள் உண்டு. 2007இல் மேயரும் மோரனும் ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டியின் ஆய்விதழில் வெளியிட்டது பெயர்பெற்றது. உயர்தர வட்டுகளை நேரடியாகவும், நடுவில் சிடி தரத்துக்கு இறக்கும் கருவியைச் செருகியும் கேட்கவைத்தார்கள். 554 முயற்சிகளில் சரியான விடை 276; நாணயத்தைச் சுண்டிப் போட்டாலும் அதே விகிதம்தான் வந்திருக்கும். சோதனையில் சில வட்டுகளின் மூலப்பதிவே ஹை-ரெஸ் தரத்தில் இல்லை என்ற விமர்சனம் பின்னர் எழுந்தது; அது நியாயமானது. 2016இல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார். 12,000க்கும் மேற்பட்ட முயற்சிகள். சரியான விடை 52.3 விழுக்காடு. பயிற்சி கொடுத்த சோதனைகளில் இது இன்னும் கூடியது.

அதாவது வித்தியாசம் பூஜ்யம் என்று அடித்துச் சொல்ல முடியாது. இருந்தால் அது எவ்வளவு மெல்லியது என்பதையும் இந்த எண்களே சொல்லிவிடுகின்றன.

ஆனால் என்னிடமுள்ள ஹை-ரெஸ் ஆல்பம் சிடியைவிட உண்மையிலேயே நன்றாக இருக்கிறதே?

இருக்கலாம். காரணம் பெரும்பாலும் மாஸ்டரிங். ஒரே இசைப்பதிவை வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு பொறியாளர்கள் வெளியீட்டுக்குத் தயார் செய்கிறார்கள். 1990களிலிருந்து சிடிகள் சத்தப் போட்டியில் இறங்கின: மெல்லிய பகுதிகளைத் தூக்கி, உச்சங்களை நசுக்கி, எல்லாவற்றையும் ஒரே உரப்பில் நிறுத்தினார்கள். மிருதங்கத்தின் அடி எழுந்து அடங்க அங்கே இடமே கிடையாது. ஹை-ரெஸ் பதிப்பை வாங்குபவர் நிதானமாக உட்கார்ந்து கேட்பவர் என்ற எண்ணத்தில், அதற்கு மென்மையான மாஸ்டரிங் செய்வதுண்டு. மேலே சொன்ன மேயர், மோரன் இருவருமே அந்த உயர்தர வட்டுகள் பொதுவாக நன்றாக ஒலித்தன என்று எழுதியிருக்கிறார்கள். சிடி தரத்துக்கு இறக்கிய பிறகும் அந்த நன்மை அப்படியே இருந்தது.

எனவே பதிப்பைத் தேடுங்கள். 1980களின் பழைய சிடி ஒன்று, புதிய 24/192 மறுவெளியீட்டை ஊதித் தள்ளுவது அபூர்வமே அல்ல.

நானே சோதித்துப் பார்க்க முடியுமா?

முடியும், ஒழுங்காகச் செய்தால். ஒரு 24/96 கோப்பை எடுத்து நல்ல மாற்றியில், உதாரணமாக சாக்ஸில், டிதர் (பிட்டைக் குறைக்கும்போது சேர்க்கும் மெல்லிய இரைச்சல்) சேர்த்து 16/44.1 ஆக்குங்கள். அதை மறுபடியும் 24/96 கோப்பாக மாற்றிவிடுங்கள். இந்தக் கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் கோப்பு மாறும்போது டிஏசி சாம்பிள் ரேட்டை மாற்றும், மெல்லிய சொடுக்கொலி கேட்கும். காது இசையை விட்டு அந்தச் சொடுக்கைப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஃபூபார்2000 மென்பொருளில், எது ஒலிக்கிறது என்று காட்டாமல் கேட்கவைக்கும் ஏபிஎக்ஸ் ஒப்பீட்டில் இரண்டையும் போட்டு, எது எது என்று 16 முறை கண்டுபிடியுங்கள். எட்டு சரியென்றால் அது ஊகம். 12 அல்லது அதற்கு மேல் வந்தால் வெறும் அதிர்ஷ்டத்துக்கு வாய்ப்பு 4 விழுக்காட்டுக்கும் குறைவு.

ஒலியளவு இரண்டிலும் துல்லியமாக ஒன்றாக இருக்க வேண்டும். அரை டெசிபல் கூடினாலே மனம் அதைத் தெளிவு என்றும் ஆழம் என்றும் எடுத்துக்கொள்ளும். கடையில் நடக்கும் ஒப்பீடுகள் பலவும் இந்த இடத்திலேயே கவிழ்ந்துவிடுகின்றன.

வாங்கிய ஹை-ரெஸ் கோப்பு அசலா என்று எப்படிப் பார்ப்பது?

ஆடாசிட்டியிலோ ஸ்பெக்கிலோ திறந்து, எந்த அலைவெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் படத்தைப் பாருங்கள். 24/96 கோப்பு என்றால் செங்குத்து அச்சு 48 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். அசலில் ஜால்ராவும் சிம்பலும் தட்டும் இடங்களில் மெல்லிய கோடுகள் 25, 30 வரை எழுந்து மேலே போகப் போகக் கரையும். சிடியிலிருந்து ஊதிப் பெருக்கியதென்றால் 22இல் கத்தியால் அறுத்த மாதிரி நேர்க்கோடு. அதற்கு மேலே முழு இருட்டு. கோடு 16இல் விழுந்தால் யாரோ எம்பி3யிலிருந்து மாற்றியிருக்கிறார்கள். 25க்கு மேல் இரைச்சல் மேகம்போல் கனத்துக்கொண்டே போனால் மூலம் டிஎஸ்டி என்ற ஒரு பிட் வடிவம். பழைய பதிவுகள் சிலவற்றில் 15.7 கிலோஹெர்ட்ஸை ஒட்டி மெலிந்த கிடைக்கோடு ஒன்று தொடக்கம் முதல் இறுதிவரை ஓடும். ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்த பழைய படக்குழாய்த் திரையின் கைவரிசை அது.

பிட் ஆழத்துக்கும் ஒரு குறுக்குவழி இருக்கிறது. கீழ் 8 பிட்டும் பூஜ்யமாக இருந்தால், எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் வடிவம் அதைக் கண்டுகொண்டு சுருக்கிவிடும். ஆகவே 24 பிட் ஃபிளாக் கோப்பு 16 பிட் கோப்பின் அளவிலேயே இருந்தால் சந்தேகப்படுங்கள்.

ஃபிளாக், ஏலாக், வேவ்: எது நல்லது?

மூன்றும் விரிந்த பிறகு பிட்டுக்குப் பிட் ஒன்றே. 2001இல் வந்த ஃபிளாக் திறந்த வடிவம், கிட்டத்தட்ட எல்லாக் கருவியிலும் ஓடும். ஆப்பிள் உலகத்தில் வாழ்பவர்களுக்கு ஏலாக். வேவ் இடத்தை அடைக்கும். பாட்டின் விவரங்களைச் சுமப்பதிலும் பலவீனம்.

எம்பி3 அவ்வளவு மோசமா?

இல்லை. 320 கேபிபிஎஸ் (நொடிக்கு 320 கிலோபிட்) எம்பி3யையும், அதுபோன்ற இன்னொரு சுருக்க வடிவமான 256 ஏஏசியையும் இழப்பற்ற கோப்பிலிருந்து பிரித்தறியப் பெரும்பாலோரால் முடியாது. இழப்பற்ற கோப்பைச் சேமிக்கச் சொல்வது வேறு காரணத்துக்காக: நாளை எந்த வடிவம் வேண்டுமானாலும் அதிலிருந்து எடுக்கலாம். எம்பி3யிலிருந்து இன்னொரு சுருக்க வடிவத்துக்குப் போனால் இழப்பின் மேல் இழப்பு.

எம்கியூஏ, டிஎஸ்டி?

ஹை-ரெஸ் இசையைச் சிறிய கோப்பில் மடித்து அனுப்ப வந்த எம்கியூஏவைப் பற்றி இனி மெனக்கெட வேண்டாம். அதை உருவாக்கிய நிறுவனம் 2023இல் நொடித்து வேறு கைக்கு மாறியது. ஸ்ட்ரீமிங் சேவையான டைடல் 2024இல் அதை விலக்கி ஃபிளாக்குக்கு வந்துவிட்டது. டிஎஸ்டி 1999இல் எஸ்ஏசிடி வட்டோடு வந்த ஒரு பிட் முறை, நொடிக்கு 28 லட்சத்துச் சொச்சம் சாம்பிள். பிடித்த பதிவு அதில் மட்டும் கிடைத்தால் வாங்குங்கள். வடிவத்துக்காக வாங்க வேண்டாம்.

எந்தச் சேவையில் இழப்பற்ற ஒலி வருகிறது?

கியூபஸ், டைடல், ஆப்பிள் மியூசிக், அமேசான் மியூசிக் ஆகியவை 24/192 வரை தருகின்றன. ஸ்பாட்டிஃபை 2025 செப்டம்பரில் 24/44.1 வரையிலான ஃபிளாக்கைத் தொடங்கியது. எந்த நாட்டில் எது கிடைக்கும் என்பது மாறும். அமைப்புகளுக்குள் போய் வைஃபைக்கும் மொபைல் டேட்டாவுக்கும் தனித்தனியே தரத்தைத் தேர்ந்தெடுங்கள். பல செயலிகளில் இழப்பற்ற தரம் தானாக இயங்காது.

ப்ளூடூத் வழியாகக் கேட்டால் ஹை-ரெஸ் வருமா?

வராது. வழக்கமாகப் போன் ஃபிளாக்கை விரித்து, மறுபடி இழப்புள்ள வடிவத்தில் சுருக்கித்தான் அனுப்புகிறது. சிடிக்கு 1,411 கேபிபிஎஸ் தேவை. ப்ளூடூத்தின் அடிப்படைச் சுருக்க முறையான எஸ்பிசி 328ஐ ஒட்டி நிற்கும். உயர்தர முறையான எல்டாக் உச்சத்தில் 990, அலைவரிசை நெரிசலானால் 660க்கோ 330க்கோ இறங்கிவிடும். நடக்கும்போதும் சமைக்கும்போதும் கேட்க இது தாராளம். அதற்காக 24/192 தரவிறக்கி போனை நிரப்புவதுதான் வீண்.

போனிலிருந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் வழிகள் குழப்புகின்றனவே?

ஒரே கேள்வி கேளுங்கள்: இணையத்திலிருந்து பாட்டை எடுப்பது யார்? ஸ்பாட்டிஃபை கனெக்ட், டைடல் கனெக்ட், கூகுள் காஸ்ட் ஆகியவற்றில் ஸ்பீக்கரோ, நெட்வொர்க்கிலிருந்து இசையை எடுத்து ஒலிக்கும் ஸ்ட்ரீமர் பெட்டியோ நேரடியாக எடுத்துக்கொள்கிறது. போன் வெறும் ரிமோட்; அழைப்பு வந்தாலும், போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாலும் பாட்டு ஓடும். ஏர்ப்ளேயில் போன் எடுத்து வைஃபையில் அனுப்புகிறது. 24/192 அப்படியே போய்ச் சேராது. ப்ளூடூத்தில் போன் எடுத்துச் சுருக்கி அனுப்புகிறது. வாய்ப்பிருந்தால் முதல் வகைதான் என் தேர்வு, தரத்தைவிட நிம்மதிக்காக.

கணினியில் 24/96 போட்டால் டிஏசி 48 என்று காட்டுகிறது. ஏன்?

விண்டோஸ் எல்லாச் செயலிகளின் ஒலியையும் ஒரே சாம்பிள் ரேட்டில் கலந்து அனுப்பும். பிளேயரில் வாசாபி எக்ஸ்க்ளூசிவ் முறையை (ஒரு செயலி மட்டும் டிஏசியைத் தனக்கே வைத்துக்கொள்ளும் முறை) தேர்ந்தால் நேரே போகும். மேக்கில் ஆடியோ மிடி செட்டப்பில் ரேட்டைக் கையால் மாற்ற வேண்டும், அல்லது அதைத் தானே மாற்றும் பிளேயரை வைத்துக்கொள்ள வேண்டும். ஆண்ட்ராய்டும் வழக்கமாக மாற்றியே அனுப்பும். 14ஆம் பதிப்பிலிருந்து யுஎஸ்பி டிஏசிக்கு மாற்றாமல் அனுப்பச் செயலிகளுக்கு வழி கிடைத்திருக்கிறது. இந்த மாற்றம் காதில் படுவது அரிது. ஆலாபனையின் நடுவே மின்னஞ்சல் வந்த மணியோசை ஸ்பீக்கரில் அடிப்பதைத் தடுக்கவே எக்ஸ்க்ளூசிவ் முறை எனக்குப் பிடிக்கும்.

விலையுயர்ந்த யுஎஸ்பி, ஈதர்நெட் கேபிள் தேவையா?

தேவையில்லை. பிட்டுகள் வந்து சேரும். வராவிட்டால் பாட்டு அறுபடும் அல்லது படபடக்கும். பேஸ் கனப்பதோ மேடை விரிவதோ கேபிளால் நடக்காது. ஹம் என்ற முனகல் கேட்டால் அது எர்த் சுற்றுச் சிக்கலாக இருக்கலாம். ஆப்டிகல் கேபிளுக்கு மாறினால் மின்தொடர்பே அறுந்து சத்தம் நிற்கும்.

பணத்தை எங்கே போடலாம்?

ஸ்பீக்கரில், பிறகு அறையில். சாதாரண டிஏசியின் ஒலிப் பிறழ்வு (டிஸ்டார்ஷன்) ஒரு விழுக்காட்டின் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே. நல்ல ஸ்பீக்கரிலும் பேஸ் பகுதியில் அது ஒரு விழுக்காட்டைச் சாதாரணமாகத் தாண்டும். அறையோ இவை இரண்டையும் மிஞ்சும்.

5 மீட்டர் நீள அறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். அந்த நீளத்தில் 34 ஹெர்ட்ஸில், சுவர்களுக்கிடையே மோதி ஓரிடத்திலேயே நிற்கும் நிலையலை உருவாகும். அடுத்தது 69, அதற்கடுத்தது 103. சுவரோரம் உட்கார்ந்தால் இந்தச் சுரங்கள் முழங்கும். அறையின் நட்டநடுவில் 34 காணாமலே போய்விடும். நாற்காலியை அரை மீட்டர் நகர்த்தினால் ஏற்படும் மாற்றத்தை எந்த டிஏசியும் தராது. ஸ்பீக்கருக்குப் பின்னாலுள்ள சுவரும் சும்மா இருப்பதில்லை: ஒரு மீட்டர் இடைவெளியில் 86 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு பள்ளம் விழும், ஏனென்றால் சுவரில் பட்டுத் திரும்பும் அலை அரைச் சுழற்சி தாமதமாக வந்து நேரலையை அடித்துவிடுகிறது.

மேல் சுரங்களை ஒலிக்கும் ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்கட்டும். இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் ஏறத்தாழ சமபக்க முக்கோணமாக அமையுங்கள். திரைச்சீலையும் கம்பளமும் மேல் சுரங்களை மட்டுமே உறிஞ்சும். பேஸுக்குத் தடித்த பொருள் வேண்டும். அளவை மைக் ஒன்றும் இலவச ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளும் இருந்தால் அறையின் குணத்தை வரைபடமாகவே பார்க்கலாம். ஈக்வலைசரால் மேடுகளை வெட்டுங்கள். பள்ளங்களை நிரப்பப் பார்க்காதீர்கள், ஆம்ப்ளிஃபயருக்குத்தான் மூச்சு வாங்கும்.

சொந்தச் சேகரிப்பை வீடு முழுக்கக் கேட்க என்ன செய்ய வேண்டும்?

பாட்டுகள் இருக்கும் சர்வர், ஒலிக்கும் பிளேயர், இரண்டையும் இயக்கும் செயலி. இவ்வளவுதான். சிக்கனமாக முடிக்க, லிரியன் மியூசிக் சர்வர் மென்பொருளைச் சிறு கணினியிலோ நாஸ் என்ற நெட்வொர்க் சேமிப்புப் பெட்டியிலோ நிறுவி, ராஸ்ப்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் பைகோர்பிளேயரை ஓட்டலாம். லிரியனின் முன்னோர் ஸ்குவீஸ்பாக்ஸ் என்ற இசைக் கருவிகளின் மென்பொருள். லாஜிடெக் அந்தக் கருவிகளை 2012இல் கைவிட்டது, ஆர்வலர்கள் மென்பொருளைக் கைவிடவில்லை. பணம் செலவழிக்கத் தயார் என்றால் ரூன் என்ற கட்டண மென்பொருள் அழகாக இருக்கும். பல அறைகளில் ஒரே நேரத்தில் ஒலிக்க வேண்டுமென்றால் இவை இரண்டும் சமாளிக்கும். யூபிஎன்பி என்ற பொதுவான நெட்வொர்க் முறை மட்டும் இருந்தால் சமாளிக்காது, அதில் நேர ஒத்திசைவுக்கு ஏற்பாடே இல்லை.

இடக் கணக்கு: சுருக்காத ஒரு மணி நேர இசை சிடி தரத்தில் 635 எம்பி, 24/96இல் 2 ஜிபி, 24/192இல் 4 ஜிபிக்குச் சற்று மேல். ஃபிளாக் இதைப் பெரும்பாலும் பாதியை ஒட்டிக் கொண்டுவரும். நகல் ஒன்று வேறொரு டிஸ்க்கில் இருக்கட்டும், பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு நகலாகாது.

செயலியில் ஸ்ட்ரீமர் திடீரென்று காணாமல் போகிறது. பழுதா?

பெரும்பாலும் ரவுட்டர்தான் காரணம். கருவிகள் ஒன்றையொன்று, ஒரே நேரத்தில் பல கருவிகளுக்கும் போகும் மல்ட்டிகாஸ்ட் அறிவிப்புகளால் கண்டுபிடிக்கின்றன. ரவுட்டர் அவற்றை விழுங்கினால் ஸ்ட்ரீமர் மறையும், இணையம் மட்டும் நன்றாக வேலை செய்யும். போன் விருந்தினர் வைஃபையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு கருவிகள் ஒன்றையொன்று பார்க்காமல் பிரித்துவைக்கும் ஏபி ஐசொலேஷன் என்ற அமைப்பு இயங்குகிறதா என்று பாருங்கள்; இயங்கினால் அணைத்துவிடுங்கள். ஸ்ட்ரீமரை ஈதர்நெட்டில் இணைப்பது பாதித் தொல்லையை ஒழிக்கும். வேகம் பிரச்சினையே இல்லை: 24/192 ஃபிளாக்குக்கு ஐந்தாறு எம்பிபிஎஸ் போதும்.

பாட்டின் முதல் நொடி வெட்டுப்படுகிறதே?

44.1 பாட்டுக்குப் பின் 96 பாட்டு வந்தால் டிஏசி புதிய ரேட்டைப் பிடிக்கச் சற்று நேரம் எடுக்கும். ஸ்ட்ரீமரில் இதற்கான தாமத அமைப்பைத் தேடுங்கள். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் ஒரே ரேட்டுக்கு மாற்றி அனுப்பச் சொல்லுங்கள்.

ஒரு பாட்டு கத்துகிறது, அடுத்தது முணுமுணுக்கிறது.

பாட்டுகளின் ஒலியளவைச் சமன்செய்யும் ரீப்ளேகெயின், அல்லது உங்கள் சேவையிலுள்ள அதேபோன்ற வசதி. கலந்து கேட்கும்போது பாட்டு முறை, முழு ஆல்பம் கேட்கும்போது ஆல்பம் முறை. ஒலியளவு மட்டுமே மாறும். இசையின் ஏற்ற இறக்கத்தில் கை வைக்காது.

தமிழில் பெயரிட்ட பாட்டுகள் திரையில் பெட்டி பெட்டியாகத் தெரிகின்றன.

இரண்டு காரணங்கள் இருக்கலாம். வெறும் கட்டங்களாகத் தெரிந்தால் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை. ஃபர்ம்வேர் புதுப்பிப்பு வந்தால்தான் தீரும், அதுவரை போன் செயலியில் பார்த்துக்கொள்ளலாம். கேள்விக்குறிகளும் உச்சிக்குறி போட்ட லத்தீன் எழுத்துகளுமாக வந்தால் கோப்பிலுள்ள பாட்டு விவரக் குறிப்பே பழைய குறியாக்கத்தில் இருக்கிறது; எம்பி3 கோப்புகளில் இது சகஜம். எம்பி3டேக் போன்ற மென்பொருளில் திறந்து, பெயர்களை யூனிகோடில் திருத்தி, எம்பி3 குறிப்புகளுக்கான ஐடி3 முறையின் பதிப்பு 2.3 அல்லது 2.4இல் சேமியுங்கள். ஃபிளாக்கில் குறிப்புகள் எப்போதும் யூடிஎஃப்-8தான் என்பதால் இந்தத் தலைவலி பெரும்பாலும் வராது. திருத்தி முடித்ததும் சர்வரில் மறுபடி ஸ்கேன் ஓட விடுங்கள். பலர் இதை மறந்துவிட்டுத் திருத்தம் வேலை செய்யவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.